நான் குத்துமதிப்பாகச் சேர்த்த பதினொரு தாய்மார்

1

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது. சாக்கோட்டைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்காத முகம். வாயைத் திறந்தால் டச்சு. பெயர் மார்லீன்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது இங்குள்ள பங்குச் சாமியார்தான் அவளை எங்களிடம் கூட்டிவந்தார். "உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். குழந்தையிலேயே இங்கே தத்து வந்தவள். தமிழில் ஒரு கடிதம் வந்திருக்கிறது, வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிறாள்" என்றார். இந்த டச்சு ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும்தான். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? காபிக்கு வரச் சொன்னோம்.

வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தாள். கடிதம் அடியில் இருந்தது. மேலே ஒரு கம்ப்யூட்டர் பிரிண்ட். புள்ளி புள்ளியாக அடிக்கும் பழைய பிரிண்டரில் எடுத்தது. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. மேலேயும் கீழேயும் சமக்குறிகளை வரிசையாக அடித்துக் கோடு மாதிரி போட்டிருந்தது. அந்தக் கோட்டைப் போட்டவன் நான். வரிசை எண் 212. குழந்தை: செல்வி. தாய்: கருப்பாயி. ஊர்: சாக்கோட்டை அருகே ஒரு கிராமம், பெயர் வேண்டாம்.

நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தையே நாம் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. 212 அந்தப் பதினொன்றில் ஒன்று. அந்தப் பதினொரு எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எந்தப் பதினொன்று என்றால், அதற்குக் காரைக்குடிக்குப் போகவேண்டும்.

2

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் வைரவன் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஏசி. ஏசி மனுஷனுக்கு இல்லை, மெஷினுக்கு என்று கண்டிப்பாகச் சொல்லுவார். மதியம் சாப்பிட்ட கையோடு அங்கேதான் வந்து சாய்ந்துகொள்வார். நான் அமராவதிபுதூரிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போவேன். அப்பா வாத்தியார். நான் பி.எஸ்சி. கணக்கு, அதற்கு மேல் ஒரு வருஷ டிப்ளமோ. அந்த டிப்ளமோவுக்கு ஊரில் இருந்த மரியாதை இருக்கிறதே, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கறவை மாடு படுத்துவிட்டால்கூட "அருளு, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுப்பா" என்பார்கள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு சிஸ்டர் வந்தார். பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அவர் பொறுப்பு. இல்லத்தின் பெயரும் வேண்டாம். கையில் ஒரு நீள நோட்டு. இருபத்தைந்து வருஷமாக அங்கே கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகளின் பதிவு. இடப் பக்கம் பிள்ளை: பெயர், குத்துமதிப்பான வயது, வந்த தேதி, எங்கே அனுப்பப்பட்டது. வலப் பக்கம் தாய்: பெயர், ஊர், என்ன காரணம். நானூறு பேருக்கு மேல். ஓரத்தையெல்லாம் கரையான் தின்றிருந்தது.

"தம்பி, வெளிநாடு போன பிள்ளைகள்லாம் இப்பப் பெருசாகி, எங்க அம்மா யாருன்னு கேட்டு லெட்டர் போடுதுக. நோட்டோ இந்தக் கதியா இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அழியாதுல்ல?"

"அழியாது சிஸ்டர்" என்றேன். கொஞ்சங்கூட யோசிக்கவில்லை.

ஏற்றினேன். பிள்ளைகளுக்கு ஒரு பைல், தாய்மாருக்கு ஒரு பைல். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது வரிசை எண் மட்டும். டிப்ளமோவில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதுதான் சரியான முறையும்கூட. ஆனால் நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் முகம் பார்த்துக் கிடந்த தாயையும் பிள்ளையையும் முதலில் பிரித்துவைத்தவன் நான்தான் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன்.

பிரிண்டர் ரிப்பேருக்கு மதுரை போயிருந்தது. வந்ததும் மொத்தமாக ஒரு பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றேன். பிரிண்டர் வந்தது, நான் மறந்துபோனேன். சிஸ்டர் ஒரு நாள் வந்து, "கரையான் மத்த நோட்டுக்கும் ஏறுது தம்பி, இதை எரிச்சுரலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டுக்கொண்டுதான் செய்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். "தாராளமா எரிங்க சிஸ்டர்" என்றேன்.

பிரதி எடுத்துவைக்காமல் இல்லை. எடுத்தேன். இரண்டு பிளாப்பி. பழைய பெரிய பிளாப்பி, அப்பளம் மாதிரி வளையுமே, அது. ஒன்றில் பிள்ளைகள், இன்னொன்றில் தாய்மார். ஒரே ஒரு பிரதி. அதைத் திரும்பப் போட்டுப் பார்த்து, படிக்கிறதா என்று ஒரு நாளும் சோதித்ததில்லை. பிரதி எடுத்தாயிற்று என்ற திருப்தியே போதும் என்று இருந்துவிட்டேன்.

3

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வைரவன் அண்ணன் சென்டரைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை, பூசணிக்காய் என்று அமர்க்களம் பண்ணினார். கம்ப்யூட்டர் மூன்றுக்கும் மாலை. பிளாப்பிகளையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கச் சொன்னார். நான் காகித உறையோடு அடுக்கினேன்.

"உறையோட வச்சா சாமி எப்படித் தம்பி பாப்பாக? வெளிய எடுத்து வைங்க."

எடுத்து வைத்தேன். அடுத்து சந்தனம் குங்குமம். அதற்கு வேறு ஆள் இருந்தது. ஆனால் நான் வேதக்காரன், கிறிஸ்தவன். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றால், இவன் நம்ம சாமியை மதிக்கவில்லை என்று அண்ணன் நினைத்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு கூச்சம். அவர் அப்படி நினைக்கக்கூடியவரே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு முன்னால் கேக் வெட்டுகிற மனுஷர். இருந்தாலும் நானே முந்திக்கொண்டு, "குடுங்கண்ணே, நான் வைக்கிறேன்" என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கினேன். மற்றவர்கள் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் வைப்பார்கள். நான் பக்தியைக் காட்ட வேண்டுமே! குழைத்துக் கெட்டியாக, ஒவ்வொரு பிளாப்பிக்கும் நடுவில் பார்த்து வைத்தேன்.

அந்தப் பிளாப்பியில் நடுவிலிருந்து கீழ்ப்பக்கமாக முட்டை வடிவில் ஒரு திறப்பு இருக்கும். அது வழியாகத்தான் மெஷின் உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டைப் படிக்கும். நெற்றி என்று நான் பொட்டு வைத்தது சரியாக அங்கே.

"பரவால்லயே, நம்ம ஆளுகளவிட நல்லா வைக்கிறீகளே தம்பி" என்றார் அண்ணன். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் ஒரு துணியால் மேலாகத் துடைத்து உறையில் போட்டுவிட்டேன்.

4

மூன்று வாரம் கழித்து ஐப்பசி மழை. ஒரு பகல் பொழுதில் பளீரென்று வெட்டி, கரண்ட் போய், வந்து, போய், வந்தது. வந்த பிறகு இல்லத்தின் பதிவு இருந்த மெஷின் கடகடவென்று சத்தம் போட்டது, பிறகு அதுவும் நின்றது. உள்ளே டிஸ்க்கே இல்லை என்றது திரை.

"அதான் பிளாப்பில இருக்குல்ல தம்பி, பெறகென்ன பதட்டம்?" என்றார் அண்ணன்.

முதல் பிளாப்பியைப் போட்டேன். பொட்டு வைத்தபோது அதில் திறப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. என் புண்ணியமோ யார் புண்ணியமோ, படித்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். இரண்டாவதைப் போட்டேன். கர்ர் என்றது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். திறப்பில் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டி இருந்தது. அதில் ஒரு ரேகை தெரிந்தது. என் மோதிர விரல்.

"சந்தனம் குளிர்ச்சிதானப்பா, அது என்ன செஞ்சிருக்கப்போகுது?" என்றார் அண்ணன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கிவந்தேன். பிளாப்பியின் மேலுறையை பிளேடால் கீறிக் கறுப்புத் தகட்டை வெளியே எடுத்தேன். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவி, மெல்லிய வேட்டித் துணியில் ஒற்றி, இன்னொரு பிளாப்பியின் உறைக்குள் செருகினேன். ஏற்கெனவே மெஷின் தலை அதைக் கீறியிருந்தது. துண்டு துண்டாகப் படித்து எடுக்கிற ஒரு புரோகிராம் இருந்தது. ஒரு துண்டை நாற்பது தடவை கேட்டால் ஒரு தடவை கொடுக்கும். ஒன்பது நாள் அதுதான் வேலை. சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

ஒன்பதாம் நாள் எல்லாத் தாய்மாரும் வந்துவிட்டார்கள். ஆனால் பதினொரு பேருக்கு மட்டும் வரிசை எண் இல்லை. பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, காரணம் இருக்கிறது. எண் இருக்கவேண்டிய இடத்தில் சிரித்த முகமும், சீட்டுக்கட்டில் வருகிற ஆர்ட்டினும் இஸ்பேடுமாக இருந்தது. எண் கெட்டுப்போனால் அந்தக் காலத்து மெஷின் அப்படித்தான் காட்டும். துண்டு துண்டாக எடுத்ததில் வரிசையும் குலைந்துபோயிற்று. அந்தப் பக்கம் பார்த்தால் தாய் இல்லாமல் நின்ற பிள்ளைகளும் பதினொரு பேர்.

அதுதான் வினையாகப் போயிற்று. பதினொன்றுக்குப் பத்து என்று வந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பேன். கணக்கு வாத்தியார் மகனுக்கு இரண்டு பக்கமும் சரியாக வந்தால் விடை கிடைத்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. முதலில் பெயரை வைத்துப் பார்த்தேன். தாய் சவரியம்மாள் என்றால் பிள்ளை அந்தோணியாக இருக்கும், தாய் காளியம்மாள் என்றால் பிள்ளை முருகனாக இருக்கும். பாதிப் பிள்ளைகளுக்குச் சிஸ்டர்மாரே வைத்த பெயர் என்று பிறகுதான் உறைத்தது. அப்புறம் வந்த தேதி, இடம், காரணம் என்று எதையெதையோ வைத்துப் பார்த்தேன். கடைசியில் குத்துமதிப்பாகச் சேர்த்தேன். பதினொரு வரிக்கும் பக்கத்தில், இவை உறுதியில்லை என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டேன்.

மறுநாள் சிஸ்டர் வந்தார். கண் கலங்கியிருந்தது. "பிள்ளைக ஒம்பது நாளும் உங்களுக்காக முழங்கால்ல நின்னு ஜெபமாலை சொன்னாக தம்பி. எல்லாரும் வந்துட்டாகளா?"

"வந்துட்டாக சிஸ்டர்" என்றேன்.

சொல்லியிருக்கலாம். பதினொன்றுதான் சந்தேகம் என்று சொன்னால் அந்த அம்மா என்னைக் கடித்தா தின்றிருப்பார்? எப்படி ஆயிற்று என்று கேட்பார். சந்தனம் என்று சொல்ல வேண்டும். யார் வைத்தது என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். வெட்கமாக இருந்தது. பிரிண்ட் எடுக்கும் முன் பதினொரு நட்சத்திரத்தையும் நானே அழித்தேன். வைரவன் அண்ணன் பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் உடைத்தார். சிஸ்டர் நன்றிப் பூசை வைத்தார். இரண்டு இடத்திலும் முன் வரிசையில் என்னை நிற்கவைத்தார்கள்.

5

இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. இரண்டாயிரம் பிறக்கிற நிமிஷத்தில் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று இவர்கள் பயப்படுவதால் எனக்குச் சோறு. அலுவலகத்தில் கேஸ் என்று ஒருவர். பிரதி எடுத்த நாடாக்களைத் தீப்பிடிக்காத அலமாரியில் வைத்துப் பூட்டுவதும், மாதம் ஒரு தடவை எடுத்துப் போட்டு எல்லாம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதும்தான் அவர் வேலை. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். "உங்கள் ஊரில் எப்படிச் செய்வீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டார். "பூசை போடுவோம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தாள் சரியாக இருக்க வேண்டும். வந்த புதிதில் நகராட்சியில் என் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஞானஸ்நானச் சீட்டைக் காட்டினேன், செல்லாது என்றுவிட்டார்கள். தாலுகா ஆபீஸ், சென்னை, டில்லி, தூதரகம் என்று முத்திரைமேல் முத்திரை குத்தி வாங்க ஏழு மாதம் ஆயிற்று. அதில் இருக்கிற பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. "இது சரிதானே?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "சரிதான்" என்றேன். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து என்னை யாரும் அருள்ராஜ் என்பதில்லை. திருவாளர் சவரிமுத்து என்று அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

மகன் ஜெரிக்கு ஆறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவன் டச்சில் பதில் சொல்கிறான். முதலில் அதட்டினோம், அப்புறம் கெஞ்சினோம், இப்போது அதுவும் இல்லை. மார்லீன் வந்த அன்று அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து தன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னான். இரண்டு கறுத்த முகங்களும் சரளமாக டச்சு பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நானும் ஸ்டெல்லாவும் விருந்தாளிகள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

6

கடிதத்துக்கு வருகிறேன். இல்லத்திலிருந்து வந்த பிரிண்டை வைத்து மார்லீன் எழுதிக் கேட்க, அவர்கள் அந்த ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரை அனுப்பிக் கருப்பாயியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளை விட்டாயா என்று கேட்டால், ஆமாம், பெண் பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். சொல்லத்தானே செய்வாள்! அந்தப் பதினொரு பேரில் யாரைத் தேடிப்போனாலும் பிள்ளை விட்ட தாய்தான் கிடைப்பாள். அவள் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதியிருந்தார். மனுஷர் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

"எங்க ஆத்தா செல்விக்கு, உன்னயப் பெத்த கருப்பாயி சொல்லி எழுதறது. நல்லா இருக்கியா ஆத்தா. நான் இருக்கேன். அப்ப உங்கய்யா செத்து எட்டு மாசம், வானமும் பொய்ச்சுப்போச்சு. உன்னய விட்டது பசிக்குத்தான். வேற ஒண்ணுமில்ல. வான்னு கூப்புட எனக்கு வாய் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அடுப்புல இருந்த கஞ்சிப்பானை சாஞ்சு உன் எடது கெண்டக்காலு வெந்துபோச்சு. புண்ணு ஆறுறதுக்குள்ள கொண்டுபோயி விட்டுட்டேன். அந்தத் தழும்பு இருக்கா. இன்னமும் வலிக்கா. இருவத்துநாலு வருசமா இதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

எனக்குத் தெரிந்த டச்சில் வரி வரியாகச் சொன்னேன். கெண்டைக்காலுக்கு டச்சு தெரியாமல் என் காலையே தொட்டுக் காட்டினேன். மார்லீன் குனிந்து, ஜீன்ஸை முழங்கால்வரை சுருட்டினாள். இடது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வலது காலையும் சுருட்டினாள். இரண்டும் வழுவழுவென்று இருந்தன.

"சின்ன வயதில் பட்டது மறைந்துவிடும், இல்லையா?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டாள். ஸ்டெல்லா இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ்.

ஸ்டெல்லா அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "அது மறையாதுங்க. தோல் வெந்துச்சுன்னா மறையாது" என்றாள் தமிழில்.

"ஜெரியைக் கொஞ்சம் அங்குட்டுக் கூட்டிட்டுப் போ" என்றேன். ஜெரியை மாடிக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

சொன்னேன். தமிழாக இருந்தால் சுற்றி வளைத்து, கரண்ட், மழை, வைரவன் அண்ணன் என்று அங்கே இங்கே இழுத்து, என் பேரில் கொஞ்சம் இரக்கம் வருகிற மாதிரி சொல்லியிருப்பேன். என் டச்சில் அதற்கு வழியில்லை. "நான் உடைத்தேன். பதினொரு பேரின் எண் போய்விட்டது. நான் தெரியாமல் சேர்த்தேன். சரி என்று சொன்னேன். நீ அதில் ஒருத்தி." அவ்வளவுதான் சொல்ல வந்தது.

"என் அம்மா அந்தப் பதினொரு பேரில் இருக்கிறாரா?"

"கட்டாயம் இருக்கிறார்."

"யார்?"

"தெரியாது."

தாள்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, கோப்புக்குள் வைத்தாள். காபிக்கு நன்றி என்றாள். இவர்கள் எதற்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

கதவைச் சாத்திவிட்டு ஸ்டெல்லா கேட்டாள். "ஏழு வருசமா எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா அந்தச் சிஸ்டர் சாகறதுக்குள்ள ஒரு கடுதாசியாவது போட வச்சிருப்பேன்ல. அந்தப் பொண்ணு காலத் தடவிப் பாத்துச்சே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவினேன்.

7

மறுநாள் இல்லத்துக்கு எழுதினேன். பதினொரு எண்களும், நடந்ததும், சந்தனமும், விரலும், எல்லாம். அந்தப் பதினொரு பிள்ளைகளில் யாருக்காவது இடது கெண்டைக்காலில் வெந்த தழும்பு இருக்கிறதா என்று விசாரிக்கும்படியும் கேட்டேன். ஐந்து வாரம் கழித்துப் புதிய சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. திட்டி எழுதியிருப்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம். பதினொரு பேரில் நான்கு பேர் ஏற்கெனவே எழுதிக் கேட்டு, நான்கு பேருக்கும் அம்மா பெயர் கொடுத்தாகிவிட்டதாம். அந்த நால்வருக்கும் இப்போது உண்மையை எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களின் பழைய முகவரிக்கும் எழுதியிருக்கிறார்கள். தழும்பைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு வரி.

"கருப்பாயி படுத்த படுக்கையாக இருக்கிறார். உபதேசியாரைப் பார்க்கும்போதெல்லாம் பதில் வந்ததா என்று கேட்கிறார். என்ன சொல்வது என்று தெரிவிக்கவும்."

அந்தத் தாளை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். மறைத்து வாழ்ந்து பழகிவிட்டால் கை தானாக மறைக்கிறது. நாலாம் நாள் ஸ்டெல்லா துணி துவைக்கும்போது எடுத்துவிட்டாள். வாசித்துவிட்டுப் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

மார்லீன் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தாள். சிஸ்டரின் கடிதத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும்.

"அவருக்கு எவ்வளவு நாள் இருக்கும்?"

"அது எழுதவில்லை."

"சரி. பதில் எழுதவேண்டும். நான் சொல்கிறேன், நீங்கள் தமிழில் எழுதுங்கள்."

தாளும் பேனாவும் எடுத்துவந்து மேஜை முன்னால் உட்கார்ந்தேன். பதிவில் தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்து, மன்னிப்புக்கு என்ன எழுதலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் முதல் வரியைச் சொன்னாள். நான் எழுதவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அது உண்மையில்லை" என்றேன்.

"தெரியும்."

"அந்தத் தழும்பு உள்ள பெண் எங்கேயோ இருக்கிறாள்."

"அதுவும் தெரியும். நீங்களும் தேடுங்கள், நானும் தேடுகிறேன். அவள் கிடைத்தால் அந்த அம்மாவிடம் நானே சொல்லி, அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் இன்னும் வரவில்லை. இவருக்கு இப்போது பதில் வேண்டும்."

"உன்னுடைய அம்மா..."

"என் அம்மாவும் மற்ற பத்துப் பேரில் யாரோ ஒருவராக எங்கேயோ இருப்பார். அவரிடமும் யாராவது இப்படிச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்." தாளை என் பக்கம் நகர்த்தினாள். "எழுதுங்கள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி வேண்டாம். அவர் பேசுகிற மாதிரி எழுதுங்கள்."

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். "எழுதுங்க" என்றாள் அவளும்.

எழுதினேன். *அம்மா, தழும்பு இருக்கு. சின்னதா ஆயிருச்சு. வலிக்கவே இல்ல.*

"வேறு என்ன எழுத?" என்று கேட்டேன்.

"வேறு ஒன்றும் வேண்டாம்" என்றாள். "அவர் கேட்டது அது ஒன்றுதான்."